செயின் பொருத்தம்

கல்யாணம் என்று வந்துவிட்டால் நம்மவர்கள் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். தினம், கணம், ரஜ்ஜு என்று பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு ஜோஸ்யர் விரல் மடக்கும்போது, பெண்ணைப் பெற்றவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சைக்கிளுக்கும் இப்படிப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிய வந்தது. கற்றுக்கொடுத்தவர் வளவனூர்க் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். கற்றுக்கொண்டதற்கு நான் கொடுத்த குருதட்சிணை என் தகப்பனாரின் சைக்கிள் செயின். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

வளவனூர், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிற சிற்றூர். 'வளவன்' என்றால் சோழன். ஊரின் பெயரிலேயே ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார். என் தகப்பனார் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1953-ல், நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, விழுப்புரத்தில் ஒருவரிடமிருந்து பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் செய்த ராலே வண்டி. 28 அங்குலச் சக்கரம். பெடலோடு சேர்ந்து சுற்றுகிற பெரிய பல்சக்கரத்தின் நடுவே மூன்று நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். குழந்தைகளாகிய எங்களுக்கு நாரை என்ன, கொக்கு என்ன? வீட்டில் அதற்குக் 'கொக்கு வண்டி' என்று பெயர் நிலைத்துவிட்டது. வண்டி ஓடும்போது மூன்று கொக்குகளும் ஒன்றையொன்று துரத்துவதைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. என் அக்கா அந்த வண்டியில்தான், பாருக்குக் கீழே காலை நுழைத்து, குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றாள். அம்மா பார்த்துவிட்ட நாளோடு அது நின்றது.

தகப்பனார் காலமான பிறகு வண்டி தாழ்வாரத்தில் பல வருஷங்கள் கிடந்தது. நான் ஊரோடு வந்து தங்கியதும் அதை ஓட்ட வேண்டுமென்று ஆசை பிடித்தது. டயர், டியூப் மாற்றினேன், எண்ணெய் விட்டேன், ஓடிற்று. ஆனால் செயின் பார்க்கச் சகிக்கவில்லை. துருவும் கருப்பு மசையுமாகத் தொய்ந்து கிடந்தது. 'வண்டிக்கு ஒரு மரியாதை செய்வோம்' என்று புதுச் செயின் ஒன்றை வாங்கி மாட்டினேன். பழையதை வாசலில் வந்த பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன்.

மறுநாள் ஏரிக்கரை மேட்டில் ஏறி மிதித்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். பெடல் வெறுமனே கீழே போயிற்று. முழங்கால் ஹேண்டில் பாரில் மோதிற்று. மறுபடி மிதித்தேன். மறுபடி 'கடக்'. சமதரையில் சாதுவாகப் போகிற வண்டி, மேடு கண்டால் முரண்டு பிடித்தது. புதுச் செயின் போடுவதற்கு முந்தின நாள்வரை அதே மேட்டில் அது முணுமுணுக்காமல் ஏறியிருக்கிறது!

கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

"செயின் புதுசா ஐயா?"

"ஆமாம். நேற்றுத்தான் போட்டேன்."

"பழசு எங்க?"

"இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேனே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அறுபது வருஷம் கூட இருந்தவளை அனுப்பிட்டு, இந்த வயசுல சின்னப் பொண்ணைக் கட்டி வச்சிருக்கீங்க. கிழவனுக்குப் பல்லே தேஞ்சு போச்சு. அவ சொன்ன பேச்சு கேப்பாளா?" என்றார்.

கடையிலிருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்கு முழங்கால் வலித்தது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு பெரிய சரித்திரமே அடங்கியிருக்கிறது என்பதை, அதற்குப் பிறகு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் கண்டேன்.

சைக்கிள் பிறந்தபோது அதற்குச் செயின் கிடையாது. 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரத்துக்கு நடுவே ஒரு கட்டையை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, காலால் தரையை உந்திக்கொண்டு போனார். 1860-களில் பாரிஸ் நகரத்தில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்தினார்கள். இன்று குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் இருப்பது அந்த ஏற்பாடுதான். காலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் என்ன செய்வது? சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. 1870-களில் முன்சக்கரம் வளர்ந்துகொண்டே போய் 50 அங்குலம், 60 அங்குலம் என்று ஆளுயரத்தைத் தொட்டது. பின்சக்கரம் தட்டு அளவுக்குச் சுருங்கிற்று. அதன் உச்சியில் உட்கார்ந்தவர், வழியில் ஒரு கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழுந்தார். நெட்டைக்காலர் வேகமாகப் போனார். குட்டையானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் புடவை கட்டியவர்களுக்கும் அந்த வாகனமே இல்லை என்று ஆயிற்று.

இந்த அநீதியைத் தீர்த்து வைத்தது செயின். பெடலை ஒரு பெரிய பல்சக்கரத்தில் பொருத்தி, பின்சக்கரத்தில் ஒரு சின்னப் பல்சக்கரத்தை வைத்து, இரண்டையும் சங்கிலியால் பிணைத்தால், காலை ஒரு முறை சுற்ற, சக்கரம் இரண்டு மூன்று முறை சுற்றும். பெரிய சக்கரத்துக்கு அவசியமே இல்லை. 1879-ல் இங்கிலாந்தில் லாஸன் என்பவர் இப்படிப் பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் வண்டிக்குப் பதிவுரிமை பெற்றார். 1885-ல் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டிதான் ஜனங்களிடம் செல்வாக்குப் பெற்றது. இன்று நம் தெருவில் போகிற எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் அது ரோவரின் பேரப்பிள்ளைதான் என்பது தெரியும்.

அந்த 1879-க்கு நம் ஊரிலும் ஒரு விசேஷம் உண்டு. விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது அந்த வருஷத்தில்தான். இங்கே இன்னொரு தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹான்ஸ் ரெனால்ட் என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரர், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில், நெசவு இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துகொண்டிருந்த சின்னப் பட்டறை ஒன்றை விலைக்கு வாங்கியதும் அதே 1879-ல்தான். மறு வருஷம், 1880-ல், அவர் ஒரு புதுச் சங்கிலிக்குப் பதிவுரிமை பெற்றார். இன்று உங்கள் வீட்டுச் சைக்கிளில் இருக்கிற செயின், சாராம்சத்தில், அவர் செய்ததுதான்.

அவர் செய்த காரியம் என்ன? அதற்கு முந்திய சங்கிலிகளில் இரண்டு பக்கத் தகடுகளையும் கோத்திருந்த ஆணியானது தகட்டின் மெல்லிய விளிம்பிலேயே உராய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளில் ஆணி அறுபடும், துவாரம் அகலும். ரெனால்ட் நடுவே ஒரு சின்னக் குழாயை நுழைத்தார். ஆணி இப்போது தகட்டின் விளிம்பில் இல்லாமல், குழாயின் முழு நீளத்திலும் உராய்ந்தது. ஓரிடத்தில் விழுந்த பாரம் பரவலாயிற்று. அந்தக் குழாய்க்கு மேலே ஓர் உருளை. பல்லைத் தொடுவது அந்த உருளைதான். தொட்டவுடன் அது உருண்டு கொடுப்பதால் பல்லும் சீக்கிரம் தேய்வதில்லை. ஒரு மனிதர் மெல்லிய குழாய் ஒன்றைச் சேர்த்தார். உலகம் மிதித்துக்கொண்டு புறப்பட்டது!

ஆனால் சைக்கிள்காரர்கள் எல்லோரும் உடனே இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பல ஆண்டுகள் வேறொரு செயினும் கூடவே ஓடிற்று. அதில் உருளைக்குப் பதிலாக ஒரு திண்ணிய இரும்புக் கட்டை இருக்கும். கட்டை, தகடு, கட்டை, தகடு என்று கோத்திருப்பார்கள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் சரியாக ஓர் அங்குலம். அதற்கேற்ற பல்சக்கரத்தில் பற்கள் அகல அகலமாக இருக்கும். பழைய படங்களில் பொக்கை வாய்போலத் தெரிகிற சக்கரங்கள் அவைதாம். இங்கிலாந்தில் பந்தயக்காரர்களில் சிலர் இந்த ஓர் அங்குலச் சங்கிலியைப் பல பத்தாண்டுகள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் 5/8 அங்குலச் செயினும் சில வண்டிகளில் வந்து போயிற்று. கடைசியில் வென்றது அரை அங்குலச் செயின்.

ஏன் அரை அங்குலம்? இதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் காரணம் இல்லை. ஓர் அங்குலச் செயினில் பின்பக்கத்துச் சின்னச் சக்கரத்துக்கு எட்டு, ஒன்பது பற்கள்தாம் வரும். எட்டுப் பல் சக்கரம் என்பது, சொல்லப்போனால், வட்டமே அல்ல, எண்கோணம். செயின் ஒவ்வொரு மூலையிலும் ஏறி இறங்கும்போது ஓர் அதிர்ச்சி கால்வரைக்கும் வரும். அரை அங்குலத்தில் அதே அளவுச் சக்கரத்துக்குப் பதினாறு, பதினெட்டுப் பற்கள் கிடைக்கின்றன; ஓட்டம் வழவழப்பாகிறது. இன்னொரு சௌகரியமும் உண்டு. எட்டுப் பல்லுக்கு அடுத்தது ஒன்பதுதான்; நடுவில் ஒன்றும் கிடையாது. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே பதினேழு இருக்கிறது. அவரவர் காலின் பலத்துக்கு ஏற்றபடி சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

எங்கள் கொக்கு வண்டியின் பற்களை எண்ணிப் பார்த்தேன். முன்னால் 46, பின்னால் ஃப்ரீவீலில் 18. 46-ஐ 18-ஆல் வகுத்து 28 அங்குலத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 71½ அங்குலம் வருகிறது. சைக்கிள்காரர்கள் இன்றும் வண்டியின் கியரை இந்தக் கணக்கில்தான் சொல்கிறார்கள். இதன் அர்த்தம் என்ன தெரியுமா? அந்தப் பழைய உயரச் சக்கர வண்டியாக இருந்தால், என் தகப்பனார் ஏறக்குறைய ஆறடி விட்டமுள்ள சக்கரத்தின்மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும்! ஐந்தடி மூன்றங்குலமே இருந்த அவருக்கு அது சாத்தியமே இல்லை. செயின் அவருக்கு இல்லாத காலைக் கொடுத்தது. எல்லோருக்கும் அப்படியே. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்களே, அவர்களும் அந்தச் செயினின் தயவில்தான் புறப்பட்டார்கள். பத்திரிகையில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு என் அக்கா, "நமக்கு முப்பது வருஷம் தாமதம்" என்று மட்டும் சொன்னாள்.

இனி எங்கள் ஊர்ச் சமாசாரத்துக்கு வருகிறேன். வளவனூரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் அந்தக் காலத்தில் பிரெஞ்சு ராஜ்யம். எல்லை என்றால் நேரான ஒரு கோடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒட்டுப்போட்ட துணிபோல, இந்தக் கிராமம் அவர்களுடையது, அடுத்தது நம்முடையது, அதற்கடுத்தது மறுபடி அவர்களுடையது என்று இருந்தது. 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிந்துபோகவே, எல்லையில் சோதனை கடுமையாயிற்று. 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படி முழுவதும் முடிந்தது 1962 ஆகஸ்டு 16-ந் தேதி.

இரண்டு ராஜ்யம் என்றால் இரண்டு அளவு. இங்கே அடி, அங்குலம், அங்கே மீட்டர். இந்த இரண்டும் சந்தித்துக்கொண்ட இடத்தில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். இங்கிலீஷ்காரன் ஆட்சியிலிருந்து பிரெஞ்சு ஊருக்குப் போன அந்த ரயில் பாதை மீட்டர் கேஜ். அதாவது, அங்குலத்தில் கணக்குப் பார்க்கிறவன் பிரெஞ்சுக்காரனின் அளவில் தண்டவாளம் போட்டான். சைக்கிள் செயினிலோ கதை தலைகீழ். பிரான்ஸில் செய்த சைக்கிளிலும் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் 12.7 மில்லிமீட்டர்தான். 12.7 மில்லிமீட்டர் என்பது என்ன? அச்சாக அரை அங்குலம்! மீட்டரைக் கண்டுபிடித்து உலகத்துக்கு உபதேசம் செய்த தேசம், இங்கிலீஷ்காரனின் அரை அங்குலத்தைத் தசமத்தில் எழுதி ஏற்றுக்கொண்டது. பீரங்கியால் சாதிக்க முடியாததைச் செயின் சாதித்துவிட்டது.

இதைக் கடைக்காரரிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"செயின் சேரும் ஐயா. மரை சேராது" என்றார்.

அவருடைய தகப்பனாரும் சைக்கிள் கடைக்காரர்தான். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த பிரெஞ்சு வண்டி ஒன்றில் அவர் பட்ட பாட்டை மகன் சொன்னார். ஃப்ரீவீல் பின்சக்கரத்து ஹப்பில் திருகு மரையால் ஏறி உட்காருகிறது. இங்கிலீஷ் மரைக்கு விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. பிரெஞ்சு மரைக்கு விட்டம் 34.7 மில்லிமீட்டர், சுற்றுக்குச் சுற்று ஒரு மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு விட்டத்துக்கும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. முதல் இரண்டு சுற்று சுலபமாக ஏறும். மூன்றாவது சுற்றில் பிடிக்கும். 'கொஞ்சம் இறுக்கம் போலிருக்கிறது' என்று சாவியைப் போட்டு முறுக்கினால் ஹப்பு நாசம். அந்தத் தகப்பனார் அப்படி ஒரு ஹப்பை நாசமாக்கி, வண்டிக்காரருக்குக் கைக்காசு கொடுத்துச் சரிக்கட்டியிருக்கிறார்.

"அடியோட சேராததைப் பார்த்தா எடுத்து வச்சுடுவோம். சேர்ற மாதிரி தெரியுது பாருங்க, அதுதான் ஆளைக் கவுக்கும்" என்றார் பெரியவர். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அகலத்திலும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். நம்முடைய பழைய வண்டிகளுக்கு உருளையின் அகலம் 1/8 அங்குலம். கியர் மாற்றுகிற இன்றைய வண்டிகளுக்கு 3/32 அங்குலமும் அதற்குக் குறைவும். அகலச் செயினை மெல்லிய பல்லில் மாட்டினால், கொஞ்சம் தளர்ச்சியாக இருந்தாலும், ஓடிவிடும். மெல்லிய செயினை அகலப் பல்லில் மாட்டினால் ஏறவே ஏறாது. பெரிய மனசுக்காரர் சின்ன இடத்தில் அனுசரித்துப் போய்விடுவார். சின்ன மனசுக்காரரைப் பெரிய இடத்தில் உட்கார வைக்க முடியாது.

என் செயினில் இந்தக் கோளாறெல்லாம் இல்லை. கண்ணி அரை அங்குலம்; அகலம் 1/8; மரையும் இங்கிலீஷ் மரைதான். அப்படியிருந்தும் ஏன் தாவிற்று? இங்கேதான் கடைசிப் பொருத்தம் வருகிறது. அதற்குக் கடையில் எந்த அளவும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

பெரியவர் ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துப் புதுச் செயின்மேல் வைத்தார். 24 கண்ணி, சரியாக 12 அங்குலம். பிறகு, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய செயினை வைத்தார். 24-வது கண்ணியின் ஆணி 12 அங்குலத்தைத் தாண்டி 1/8 அங்குலம் வெளியே நின்றது.

"செயின் நீண்டுவிட்டது" என்றேன்.

"இரும்பு நீளுமாங்க?" என்றார். "உள்ள தேஞ்சிருக்கு."

அது உண்மை. தகடு இழுபட்டு நீளுவதில்லை. ரெனால்ட் வைத்தாரே ஒரு குழாய், அதற்குள் ஒவ்வோர் ஆணியும் முடியளவு தேய்கிறது. எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் சாணைக்கல்தான். ஒவ்வொரு கண்ணியிலும் ஏற்படும் அந்த அற்ப இடைவெளி நூற்றுப் பன்னிரண்டு கண்ணியில் கூடிக்கொண்டே போகிறது. செயினின் கண்ணி இப்போது அரை அங்குலம் அல்ல, அரையும் கொஞ்சமும். அந்தக் 'கொஞ்சத்துக்கு' இடம் கொடுப்பதற்காகப் பல்சக்கரமும் தேய்கிறது. நேராக நின்ற பல், ஒரு பக்கம் குழிந்து, கொக்கி மாதிரி வளைகிறது. செயின் மாறுகிற அளவுக்குப் பல்லும் மாறுகிறது. ஒன்றின் குறையை மற்றது தாங்கிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து கெட்டுப்போகின்றன. ஆனால் சேர்ந்தே கெட்டதனால் ஓட்டத்தில் குறை தெரிவதில்லை. நடுவில் நான் ஒருவன் புகுந்து, ஒன்றை மட்டும் புதிதாக்கினேன். அரை அங்குலத்துக்கு அச்சாகச் செய்த புதுக் கண்ணிக்கு அந்தக் கொக்கிப் பல்லில் உட்கார இடமில்லை. பாரம் விழாதவரை மேலே தொற்றிக்கொண்டிருந்தது. மேட்டில் பாரம் விழுந்ததும் தாவிற்று.

"அப்படியானால் மூன்றையும் மாற்ற வேண்டுமா? அந்தக் கொக்குச் சக்கரமும் போயிற்றா?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

செயினைப் பெரிய சக்கரத்தின் முன்பக்கத்தில் விரலால் பிடித்து வெளியே இழுத்தார். புதுச் செயின் பல்லோடு பல்லாக உட்கார்ந்திருந்தது, அசையவில்லை. "இது நல்லா இருக்குங்க. பின்னாடிதான் போச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 28 அங்குலச் சக்கரம் ஒரு மைல் போவதற்கு ஏறக்குறைய 720 தடவை சுற்றுகிறது. ஆகவே ஃப்ரீவீலின் ஒவ்வொரு பல்லும் ஒரு மைலுக்கு 720 தடவை அடி வாங்குகிறது. முன்சக்கரமோ 282 தடவைதான் சுற்றுகிறது. அதன் பல் வாங்குவது 282 அடி. தவிர, அங்கே பாரத்தைப் பகிர்ந்துகொள்ளப் பற்களும் அதிகம். சின்னவன்தான் சீக்கிரம் தேய்கிறான். குடும்பத்திலும் இது உள்ளதுதான்.

செயின் என்பது அற்ப சாமான் என்று நினைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 112 கண்ணியுள்ள ஒரு செயினில் தகடு, ஆணி, குழாய், உருளை எல்லாம் சேர்த்து 560 உருப்படி. கண்ணிக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் பிசகினாலும் மொத்தத்தில் 1/9 அங்குலம் பிசகிவிடும். இதைச் செய்வதற்கு நல்ல எஃகும் நல்ல இயந்திரமும் மிகுந்த பொறுமையும் வேண்டும். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தார்களே, அவர்கள் ஓஹையோவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அந்த விமானத்தில் இயந்திரத்திலிருந்து விசிறிகளுக்குச் சக்தியைக் கொண்டுபோனது செயினும் பல்சக்கரமும்தான். இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்றுவதற்காக ஒரு செயினை எட்டு வடிவத்தில் குறுக்காக மாட்டினார்கள். செயின் செய்து கொடுத்தது, பிற்பாடு டயமண்ட் செயின் என்று பெயர் பெற்ற, இண்டியானாபொலிஸ் நகரத்துக் கம்பெனி.

அந்த டயமண்ட் நம் ஊருக்கும் வந்தது. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து 1951-ல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. அதே காலத்தில் வங்காளத்தில் அஸன்ஸாலில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லஸ், பிறகு 1956-ல் லூதியானாவில் ஹீரோ என்று தேசம் முழுவதும் சைக்கிள் செய்யத் தொடங்கிற்று. 1960-ல் முருகப்பா குழுமத்தார் அந்த அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. டயமண்ட் செயின் கம்பெனியை ஏற்படுத்தினார்கள். சால்ஃபோர்டில் நெசவு இயந்திரத்துக்காகப் பிறந்த சங்கிலி, அமெரிக்காவில் ஆகாயத்தில் பறந்துவிட்டு, எண்பது வருஷம் கழித்து நம் பக்கத்தில் உருவாகத் தொடங்கிற்று. அதற்குள் நம் தேசமும் மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. 1956-ல் சட்டம், 1958-லிருந்து படிப்படியாக அமல். படியும் மரக்காலும் சேரும் மணங்கும் போயின. செயினின் அரை அங்குலம் மட்டும் 12.7 மில்லிமீட்டர் என்று வேஷம் மாற்றிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மீட்டர் கேஜ் தண்டவாளமும் எங்கள் ஊரில் இப்போது இல்லை, அகலப் பாதையாகிவிட்டது. அகலப் பாதை எத்தனை என்று கேட்டால் ஐந்தரை அடி!

பெரியவர் புது ஃப்ரீவீல் ஒன்றைக் கொண்டுவந்தார். எண்ணினேன், 18 பல். கையால் மூன்று சுற்று திருகினார். நிறுத்தி, காதை வைத்துக் கேட்கிறவர்போல ஒரு கணம் பார்த்தார். பிறகு மேலே திருகினார். தகப்பனார் கொடுத்த கைக்காசு பிள்ளையின் விரலில் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய ஃப்ரீவீலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"செயின் இருந்திருந்தா ரெண்டும் சேர்ந்து இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும் ஐயா. இப்ப இதுக்குச் சோடி இல்ல" என்றார்.

அன்று மாலை ஏரிக்கரை மேட்டில் வண்டி சத்தம் போடாமல் ஏறிற்று. மூன்று கொக்குகளும் ஒன்றையொன்று துரத்தின.

அடுத்த வாரம் அக்கா வந்திருந்தாள். பரணில் தகப்பனாரின் பழைய கணக்கு நோட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தவள், ஒன்றை எடுத்து என் மடியில் போட்டாள். பால், நல்லெண்ணெய், பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புக் கட்டி என்று பைசா விடாமல் எழுதி வைத்திருந்தார். பக்கங்களைப் புரட்டினேன். 1961-ல் ஓரிடத்தில்: 'சைக்கிள் செயின், பிரீவீல்.' நோட்டை மாற்றி 1970-ல் தேடினேன். மறுபடியும்: 'சைக்கிள் செயின், பிரீவீல்.' இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை. எந்த நோட்டிலும் செயின் மட்டும் தனியாக இல்லை.

அவருக்கு ரெனால்டைத் தெரியாது. ஆனால் எதை எதோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறார். படிக்காதவன் நான்தான்.

நோட்டை அக்கா வாங்கிப் பார்த்தாள். பிறகு, "வண்டி வாசலில்தானே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனாள். வயது எழுபத்தைந்து. "பார்த்து, அக்கா!" என்று கத்தினேன். பதில் இல்லை. மணிச் சத்தம் மட்டும் கேட்டது.